யாரையும் சின்னதாகப் போடாதவர்

ஆட்டுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆரணியில் என் மருந்துக்கடைப் படியில் எந்நேரமும் ஒரு வெள்ளாடு படுத்திருக்கும். நான் துண்டை உதறி விரட்டுவேன். அவர் வந்தால் குனிந்து, "கொஞ்சம் நவுந்துக்கங்க, ஆளுங்க வர்ற வழி" என்பார். ஆடு அசையாது. அவர் அதைத் தாண்டக்கூட மாட்டார், சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஏறி வருவார். ஆடுகூட உங்களை மதிக்கவில்லையே என்று கிண்டல் செய்தால், "பாவம், தூங்கிகினு இருந்தாங்க" என்பார்.

ஊரில் அவருக்குக் கிராப்புக்காரர் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேலி என்றே நினைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் கிராப்பு வெட்ட அவர் தலையில் ஒரு முடி கிடையாது. அவர் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட கிராப் தாளில் புட்டா, பார்டர், முந்தி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வண்ணம் அடைத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்தித் தறியில் மாட்டுவார்கள். அவர் போட்ட அன்னத்தையும் மாங்காயையும் எத்தனையோ பெண்கள் முகூர்த்தத்தில் உடுத்தியிருப்பார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியும். ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை.

நான் கோபக்காரன். சில்லறை இல்லாமல் வருகிறவனிடம் கோபம், சீட்டில் கிறுக்கி அனுப்பும் டாக்டரிடம் கோபம். கிராப்புக்காரர் கடைக்கு வந்தால் அந்தக் கோபம் இரண்டு பங்காகும். கூட்டம் நெருக்கும்போது முன்னால் நின்றுகொண்டு, தன் மாத்திரையைக் கேட்காமல், திரும்பிப் பார்த்து, "மெடிக்கல் சார், அதோ கடைசில ஒருத்தர் நிக்கறாரு, அவருக்கு ஜல்தியா குடுத்துடுங்க" என்பார். முன்னால் நிற்கிறவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள். தூரத்தில் யார் நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தன் இலையில் கை வைப்பார். நல்ல குணம்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குத்தான் பேஜார்.

ஒருமுறை ஒரு பட்டு வியாபாரி அவரிடம் வந்து, உடுத்தும்போது உள்ளே செருகுகிற பக்கத்தில் புட்டா வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள், ஜரிகை மிச்சம் என்றாராம். எல்லாரும் செய்கிற வேலைதான் அது. இவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "மடிச்சு உள்ள போனாலும் அதுவும் புட்டாதாங்க" என்றாராம். வியாபாரி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். இதை அவர் என்னிடம் சொன்னபோது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. மனதுக்கு இதமாக ஏதாவது கற்றுக்கொள் என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பெயிண்டிங் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டேன். சூரிய குளத்துப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் வகுப்பு. மாஸ்டருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். சர்ச்சில் ஆர்மோனியமும் வாசிப்பார். எனக்கு நாற்பது. உறை போட்ட டைப்ரைட்டர்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஸ்டாண்டு போட்டு நின்றால், பக்கத்து ஸ்டாண்டில் வழுக்கைத் தலை. என் ரத்தக் கொதிப்பு அங்கேயே கொஞ்சம் ஏறியது.

"நீங்கதான் நாள் பூரா படம் போடறீங்களே, ஞாயித்துக்கெழமையும் எதுக்கு?" என்றேன்.

"அது கட்டம்ங்க. இது வேற. எனக்கு ஒரே ஒரு படம் போடணும்" என்றார்.

என்ன படம் என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார்.

மாஸ்டர் பொறுமைசாலி. கித்தானை எப்படி இழுத்து ஆணியடிப்பது, ஆளிவிதை எண்ணெயை எவ்வளவு விடுவது, டர்பன்டைனை எவ்வளவு விடுவது என்பதிலிருந்து தொடங்கினார். கிராமத்துக் காட்சிதான் பாடம். முதலில் வானம். பிறகு தூரத்து மலை, அதில் பச்சையைக் குறைத்து நீலத்தைக் கூட்டு. பிறகு மரம், வயல், வரப்பு. எல்லாம் ஆன பிறகு கடைசியாக ஆட்கள். "ஆளைப் போட்டாத்தான் சார் வயலு எவ்ளோ பெருசுன்னு தெரியும்" என்பார்.

மலையும் வானமும் கிராப்புக்காரருக்கு அழகாக வந்தன. கைப்பழக்கம். ஆட்களிடம் வந்தபோதுதான் சிக்கல். நாற்று நடும் பெண்களைப் போடச் சொன்னார் மாஸ்டர். இரண்டு ஞாயிறு குனிந்த தலை நிமிராமல் போட்டார். முடித்துவிட்டு விலகி நின்றார். நாங்கள் பார்த்தோம். ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் ஒரே உயரம், ஒரே குனிவு, ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் ஒரே இடைவெளி. வரப்பில் நிற்கிறவளும் மலையடியில் நிற்கிறவளும் ஒரே அளவு. மலைத்தொடர் கோபுர பார்டர் மாதிரி ஓரம் கட்டியிருந்தது.

மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், புடவை நல்லா வந்துகீது" என்றார்.

நான் அடக்கவில்லை. "ப்ளவுஸ் பிட்டு எங்க?" என்றேன்.

அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் திருத்தச் சொன்னபோது தூரிகையைத் தொடவில்லை. தூரத்தில் இருப்பது கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் என்று மாஸ்டர் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினார். தெருமுனையில் சைக்கிளில் போகிற ஆள் கட்டைவிரல் அளவு இருந்தார். கிராப்புக்காரர் கட்டைவிரலை நீட்டி அளந்தும் பார்த்தார்.

"தெரியுதுங்க. ஆனா நம்ம கண்ணுக்குச் சின்னதா தெரியுதுன்னு அவரை சின்னதா போட்டுடறதா? தூரத்துல கீறாருன்னா ஆளு கொறஞ்சா பூட்டாரு?"

"சார், இது மரியாதை விஷயம் இல்ல சார். பர்ஸ்பெக்டிவ்."

"சரிங்க, நீங்க சொன்னா சரிதான்" என்றவர் அடுத்த ஞாயிறும் அதே அளவில்தான் போட்டார். நாலு வாரம் இப்படிப் போனது. என் படத்தில் மாடு பெருச்சாளி போலிருந்தது, அதைத் திருத்த மாஸ்டருக்கு நேரமே கிடைக்கவில்லை. நேரம் முழுவதையும் இவர் விழுங்கினார்.

கடைசியில் மாஸ்டர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கித்தானின் குறுக்கே கரியால் ஒரு கோடு கிழித்தார். இதுதான் நம் கண்மட்டம் என்றார். சமதரையில் நாமும் நின்று, அவர்களும் நின்றால், பக்கத்தில் நிற்கிறவர் தலையும் இந்தக் கோட்டில்தான் வரும், கால் மைல் தள்ளி நிற்கிறவர் தலையும் இதே கோட்டில்தான் வரும். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும் என்றார். மூன்று ஆட்களை வரைந்தும் காட்டினார். பெரியது, நடுத்தரம், பொடி. மூன்று தலையும் ஒரே கோட்டில்.

கிராப்புக்காரர் அதை வெகுநேரம் பார்த்தார். "அப்ப தலை தாழாதா?"

"தாழாது சார். யாருக்கும் தாழாது."

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு ஆளைச் சின்னதாகப் போட்டார். போட்டுவிட்டு அந்தப் பொடி உருவத்திடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என்னவோ சிரிக்கத் தோன்றவில்லை.

பிறகு அவருடைய அந்த ஒரே ஒரு படத்தைத் தொடங்கினார். படவேட்டில் அவருடைய அப்பாவின் நிலம். அவர் பிறந்தது அங்கேதான். சின்ன வயதில் டிசைன் கற்றுக்கொள்ள ஆரணிக்கு வந்து இங்கேயே நின்றுவிட்டவர். ஒரு நடவு நாளைப் போட்டார். பின்னால் ஜவ்வாது மலை, அதற்குக் கீழே வாழை, அதற்கும் கீழே சேறடித்த வயல். பரம்பு ஓட்டிச் சேற்றைச் சமன் செய்கிற அப்பா, நாற்றுக்கட்டு வீசுகிற அம்மா, கூழ்ப்பானை சுமந்து வருகிற தங்கச்சி, முன்னால் சேற்றில் இவர். எல்லாரும் அளவோடு வந்தார்கள். மாஸ்டருக்கே ஆச்சரியம். தூரத்தில், மலையடியில், மடை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஆள் அளவுக்குக் கித்தான் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் வண்ணம் ஏறிவிட்டது, அந்த இடத்தை அவர் தொடவில்லை.

மூன்றாவது ஞாயிறும் தொடவில்லை. "அங்க யாரு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அண்ணன்."

"போட்டுடுங்க சார். சின்ன ஆளு, ஒரு சுண்டுவிரல் அளவு, பத்து நிமிஷம் வேலை."

அவர் வாழை இலைக்கு இன்னொரு பச்சை வைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாங்க, கோடு போட்டுக் குடுத்தாச்சு, தலை தாழாதுன்னு சொல்லியாச்சு. ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் பெரியவரு பெரியவருன்னு தூக்கி வெச்சிகினு உயிரை வாங்கறீங்களே" என்று கத்திவிட்டேன்.

தூரிகையை டர்பன்டைனில் அலசினார். துணியில் துடைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பின்னாலேயே நானும் இறங்கினேன். டீக்கடையில் நின்றிருந்தார். எனக்கும் ஒன்று சொல்லியிருந்தார்.

அங்கேதான் சொன்னார். தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். இரண்டு மாமன்கள், மூத்தவர்தான் முதல் மாலை போட வேண்டும். படவேட்டிலிருந்து அண்ணன் வருகிற பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். இவர் தட்டில் தன் டிசைனில் நெய்த பட்டோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர் வரட்டும், பெரியவர் வரட்டும் என்று சுற்றி எல்லாரும் சொல்லச் சொல்ல இவருக்கு எரிச்சல்.

"சொல்லிட்டேங்க. 'நேரத்துக்கு வராதவன் இன்னா பெரியவன்'ன்னு சொல்லிட்டேன். மைக்கு பக்கத்துல கீது. நான் பாக்கல. பந்தல் வாசல்ல தட்டு எடுத்துகினு அண்ணன் நிக்கறாரு. அவ்ளோ தூரத்துல. கேட்டுட்டாரு. தட்டை அங்கயே கீழ வெச்சிட்டுத் திரும்பிட்டாரு."

வராதவன். பெரியவன். அந்த ஒரு நாள்தான் அவர் வாயில் 'ன்' வந்திருக்கிறது. ஆட்டுக்கு ஏன் 'ங்க' போடுகிறார் என்பது எனக்கு அந்த டீக்கடையில்தான் புரிந்தது. இத்தனை நாள் அதைக் கோமாளித்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஆறேழு வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தங்கச்சி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மேடையில் நில்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் வர வேண்டாம், என் மகளுக்கு மாமன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். இவர் இரண்டு முறை படவேட்டுக்குப் போனார். இவர் தலை தெரிந்ததும் அண்ணன் பின்வாசல் வழியாக வாழைத்தோப்புக்குள் போய்விட்டார்.

"வாயால கெடுத்தது. வாயால எடுக்க வரலீங்க. அதான் கையால எதுனா செய்யலாம்னு பாத்தேன்" என்றார். "இப்ப பாருங்க, அண்ணனை நான் சுண்டுவிரல் அளவுல போட்டு எடுத்துகினு போனா, இன்னா நினைப்பாரு? வாயால சின்னதாக்கினான், இப்ப பெயிண்டாலயும் சின்னதாக்கிட்டான்னுதானே?"

மறுவாரம் இதை மாஸ்டரிடம் சொன்னேன். மாஸ்டர் யோசித்துவிட்டு, சுலபம் சார், அண்ணனை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள், பெரிதாகப் போட்டுவிடலாம் என்றார்.

கிராப்புக்காரர் தலையை ஆட்டினார். "அவரு மடையை விட்டு வரமாட்டாருங்க. நடவு அன்னிக்கு தண்ணி அவரு பொறுப்பு. அவரு முன்னாடி வந்துட்டா தண்ணிய யாரு பாக்கறது? பொய்யாப் பூடும். பாத்ததும் கண்டுபுடிச்சிடுவாரு."

நிஜமாகப் போட்டால் அண்ணன் சின்னவர். பெரிதாகப் போட்டால் பொய். எனக்குத் தலை வலித்தது. கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கே வரவில்லை. அவ்வளவுதான், கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் பெருச்சாளி மாட்டுக்குக் கொம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு புதுக் கித்தானைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"போன வாரம் ஊருக்குப் போனேங்க. அண்ணன் போளூர் சந்தைக்குப் போயிருந்தாரு. நான் நேரா நிலத்துக்குப் போயி பழைய மடைமேல ஏறி நின்னேன். பொறந்து இத்தினி வருஷத்துல அங்க நின்னு பாத்ததே இல்ல. அங்க அவருதான் நிப்பாரு." கித்தானை ஸ்டாண்டில் ஏற்றினார். "அங்கருந்து பாத்தா மொத்த நிலமும் தெரியுது. அப்பா நின்ன எடம், அம்மா நின்ன எடம், தங்கச்சி வர்ற வழி, எல்லாம். எங்க எல்லாரையும் பாத்துகினே நின்னிருக்காருங்க. நான் நின்ன எடம் தூரத்துல, அந்தக் கோடியில கீது. அங்கருந்து பாத்தா நான்தாங்க சின்னவன்."

மடைப்பக்கத்திலிருந்தே புதுப்படத்தைப் போட்டார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை வராது, முதுகுக்குப் பின்னால் போய்விடும். மாஸ்டருக்கு அந்த நீல மலையை இழக்க மனமில்லை. "மலை போச்சே சார்" என்றார். "அவரு பாத்தது இதைத்தாங்க" என்றார் கிராப்புக்காரர். படத்தின் முன்னால், இடதுபக்கம், பாதிக் கித்தான் உயரத்துக்கு அண்ணனின் முதுகு. தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி, கணுக்கால் வரை சேறு. முகமாக இருந்திருந்தால் கிராப்புக்காரரால் போட்டிருக்க முடியாது, எங்கள் யாருக்கும் முகம் வராது. முதுகு மட்டும் அவருக்கு மனப்பாடம். "சின்ன வயசுல பூரா இந்த முதுகுக்குப் பின்னாடிதானே நடந்து போனேன்" என்றார். வலது தோள்பட்டை கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதைக்கூட விடவில்லை. அண்ணனுக்கு அப்பால் அப்பா, அம்மா, தங்கச்சி. கோடியில், சேற்றுத் தண்ணீர் பளபளக்கிற இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இவர்.

எனக்குத் தெரிந்த வரையில் அந்த மாடியில் யாரும் அதைவிட நல்ல படம் போடவில்லை. மாஸ்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு கோளாறு. ஆயில் பெயிண்ட் சீக்கிரம் காயாது என்பதை அவர் மனதில் வாங்கவே இல்லை. பட்டுக்கு ஏற்றிய சாயம் இரண்டு நாளில் உலர்கிறதே, இதுவும் அப்படித்தான் என்றிருந்தார். முண்டாசுக்கு வெள்ளையை அப்பி அப்பிப் போட்டிருந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் விரல் வைத்தால் ஒட்டியது. வேறு வழியில்லை, ஈரத்தோடு கொண்டுபோக வேண்டும். ஒரு ஆளால் முடியாது. நான் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன்.

போளூர் வரைக்கும் சிரமம் இல்லை. படவேட்டு பஸ்ஸில் சந்தைக் கூட்டம். கடைசி சீட்டில் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் திரும்பி உட்கார்ந்து, படத்தை விளிம்பில் பிடித்து நடுவில் நிறுத்திக்கொண்டோம். "ஈரம்ங்க, பாத்துங்க, ஈரம்ங்க" என்று அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டர், கண்ணாடியா என்று கேட்டார். ஒரு திருப்பத்தில் கீரைக்கட்டோடு நின்றிருந்த அம்மா சாய்ந்துவிட்டார். முழங்கையில் சிவப்பாக அப்பிக்கொண்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முழங்கையில எங்க தங்கச்சி வந்துட்டாங்க" என்றார் கிராப்புக்காரர்.

அந்த அம்மா கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அய்யோ, நல்லா இருந்த பொண்ணாச்சே" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. படவேடு நெருங்க நெருங்க அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இறங்கியதும், "நீங்க எடுத்துகினு முன்னாடி போங்க, என்னைப் பாத்தா எழுந்து பூடுவாரு" என்றார். நான் முன்னால் போனேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து வாழைத்தாரிலிருந்து சீப்பு அறுத்துக்கொண்டிருந்தார். அதே முதுகு. படத்தில் பார்த்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திரும்பினார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் தெருவோரம் கைப்பம்பு பக்கத்தில் நின்றுவிட்ட தம்பியைப் பார்த்தார். எழுந்தார். ஆனால் ஆரணியிலிருந்து ஒரு அந்நியன் வீடு தேடி வந்து நிற்கிறான், அவனை விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு எப்படிப் போவது. "வாங்க" என்றார், எனக்கு மட்டும். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். அவருடைய மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த அம்மா கைப்பம்பு பக்கம் பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்தார்.

எனக்கு வாய் வரவில்லை. கடையில் ஊரையே அதட்டுகிற வாய். படத்தைச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன்.

அண்ணன் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். கிட்டே போய் உட்கார்ந்தார்.

"இது யாரு?" என்றார்.

"உங்க முதுகு உங்களுக்குத் தெரியுமா? நான்தானே பாத்துகினு கீறேன்" என்றார் அவர் மனைவி. "தோளு எறங்கிகீது பாருங்க."

அவர் முண்டாசின் மேல் விரல் வைத்தார். வெள்ளை ஒட்டிக்கொண்டது. விரலைப் பார்த்து, "ஈரமாகீது" என்றார். காய ஒரு மாதம் ஆகும் என்றேன். பிறகு குறை கண்டுபிடித்தார். "மடை இங்க இல்லியே. புளியமரத்துக்கு அந்தாண்ட கீது."

"நீங்க மாத்தி வெட்டறதுக்கு முன்னாடி இங்கதாண்ணா இருந்துது" என்று கைப்பம்பிலிருந்து குரல் வந்தது.

அண்ணன் திரும்பவில்லை. கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை சட்டைப்பையில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அண்ணன் விரலால், இந்தமுறை தொடாமல், ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டு போனார். அப்பா. அம்மாவிடம் கொஞ்ச நேரம் நின்றார். தங்கச்சி ஏன் கலைந்திருக்கிறாள் என்று கேட்டார், பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். மீசைக்குள் ஏதோ அசைந்தது. அப்புறம் விரல் வயல் முழுக்கச் சுற்றியது. முன்னால் தேடினார், நடுவில் தேடினார்.

"இவன் எங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கோடியில் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். முகம் கித்தானில் படுகிற அளவுக்குக் குனிந்துவிட்டார். நகத்தளவு உருவம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே, திரும்பாமல், சொன்னார்:

"ஏன்டா அவ்ளோ தூரத்துல போயி நின்னுகினுகீற? கிட்ட வா."

படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கைப்பம்பு பக்கத்தில் நின்றவர் வந்தார்.